ஆறிய நேரம்: பூஜ்யம்

"வாரேன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான? அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கே?" என்று ஞானசிகாமணி தன் நெஞ்சைப் பார்த்தே கேட்டார். நெஞ்சு கேட்பதாக இல்லை. விரலில் இருந்த நாடிவளையம் சிவப்பாகவே எரிந்தது. திரையில் அவர் எழுதிய மடல் அப்படியே நின்றது: 'வாரேன் ஏட்டி. அப்பா.' அதன் கீழே ஆற்றியின் வழக்கமான வரி: 'தங்கள் பதில் இன்னும் சூடாக உள்ளது. ஆறியதும் அனுப்பப்படும்.'

ஆற்றி வந்த பிறகு தூத்துக்குடியில் மட்டுமல்ல, உலகத்தில் எங்குமே யாரும் யாருக்கும் சூடான மடல் அனுப்புவதில்லை. மடலைப் பார்க்கும்போது எழுதியவரின் நாடி அடங்கியிருந்தால்தான் அனுப்பும்; அதுவரை தன்னிடமே வைத்திருக்கும் கருவி அது. டீயை ஆற்றிக் குடிக்கிற மாதிரிதான். மேலதிகாரியை வைது எழுதியது, பங்காளியிடம் வரிந்துகட்டி எழுதியது எல்லாம் அரைமணியில் ஆறிவிடும். எழுதியவரே மறுபடி படித்து, வெட்கப்பட்டு, திருத்தி அனுப்புவார். முப்பது நாளாகியும் ஆறாத மடலை ஆற்றி அழித்துவிடும். அப்படியொரு மடல் எழுதப்பட்டதே எதிராளிக்குத் தெரியாது. தெரிவிப்பது பண்பல்லவாம்.

போய்ச் சேருகிற மடல் ஒவ்வொன்றின் தலையிலும் 'ஆறிய நேரம்' அச்சாகியிருக்கும். அது பூஜ்யமென்றால் எழுதியவர் தங்கமான மனுஷர். அடுத்த வீட்டு ஸ்டெல்லா டீச்சருக்கு டொராண்டோவிலிருந்து மகன் தினமும் காலை எட்டு மணிக்கு மடல் போடுவான். எல்லாம் பூஜ்யம். டீச்சர் அதைத் தெருவுக்கே காட்டுவார். ஞானசிகாமணிக்கு வயிறு எரியும்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதப் பிரிவைக் கட்டி ஆண்டவர். யாருக்கு எழுதினாலும் பூஜ்யம்தான், ஒரே ஒரு முகவரியைத் தவிர.

அது மகள் ஹெப்சிபாவின் முகவரி. நான்கு வருடத்துக்கு முன், வங்கி வேலையை விட்டுவிட்டுக் கடற்பாசி வளர்க்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு மிதவூருக்குப் போகிறேன் என்று அவள் எழுதினாள். அப்போது ஆற்றி கிடையாது. இரண்டே நிமிடத்தில் பதில் போட்டார்: 'எனக்கு மகள் இல்லை.' அந்தக் கோபம் சாயங்காலக் காபிக்குள் ஆறிவிட்டது. ஆனால் மடல் போனது போனதுதான். வீம்பு இறங்க ஒரு மாதம் பிடித்தது. இறங்கி எழுத உட்கார்ந்தபோது ஆற்றி வந்துவிட்டது.

மிதவூர் கடல்மேல் மிதக்கிற குடியிருப்பு. அழைப்பு மடலும் அதற்கு ஒப்புதல் பதிலும் இல்லாதவரைப் படகில் ஏற்ற மாட்டார்கள். முன்மடல் இல்லாமல் போன் போட்டால் இணைப்பே கிடைக்காது, அது அநாகரிகம். தபால்காரர் என்ற ஆளே ஒழிந்து பத்து வருடமாகிறது.

இந்தத் திங்கட்கிழமைதான் அவளிடமிருந்து முதல் மடல் வந்தது. 'மதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு, எங்கள் மகளின் ஞானஸ்நானம் வரும் ஞாயிறு நடைபெறும். தங்கள் வருகையை வியாழன் மாலை ஐந்து மணிக்குள் உறுதிசெய்ய வேண்டுகிறோம்.' ஆறிய நேரம்: பூஜ்யம். பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு அந்தப் பூஜ்யமும் சுருக்கென்று தைத்தது. பெற்ற அப்பனுக்கு எழுதும்போது ஒரு துடிப்புகூடக் கூடவில்லையா?

இன்று வியாழன். காலையில் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு எழுதிப் பார்த்தார். கடற்கரையில் நடந்துவிட்டு வந்து எழுதினார். சங்கீதம் வாசித்து, வளையம் பச்சையானதும் ஓடிவந்து எழுதினார். மகளைச் சின்ன வயதிலிருந்து கூப்பிட்ட 'ஏட்டி' என்ற சொல்லுக்கு வந்ததுமே சிவப்பு. மூன்று மணிக்குப் பொறுக்க முடியாமல் ஆற்றி பழுது பார்க்கும் இசக்கியப்பன் கடைக்குப் போனார்.

இசக்கியப்பன் கருவியைத் திறந்து பார்த்து வாயைப் பிளந்தார். "இருநூத்திப் பன்னெண்டு மடல் ஆறாம அழிஞ்சிருக்கு. எல்லாம் ஒரே விலாசம். யார் மேல அண்ணாச்சி இம்புட்டுக் கோவம்?"

"கோவம் இல்லப்பா. எம் மவ."

இசக்கியப்பன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "கோவமா இருந்தா ஆறியிருக்கும் அண்ணாச்சி. ரெண்டு நாளைக்கு மேல நின்ன கோவத்த நான் பாத்ததே இல்ல. இந்த மிஷினுக்குச் சூடு மட்டுந்தான் தெரியும். எதுனால சூடுன்னு தெரியாது."

"எம் பேர்ல நீ ஒரு வரி போட்டுவிடேன்."

"லைசென்ஸ் போயிரும். ஒண்ணு செய்யுங்க. மவள நெனைக்காதீங்க, ஃபைல நெனைங்க. ஆபீஸ் லெட்டர் மாதிரி எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். 'பார்வை: தங்கள் திங்கட்கிழமை மடல். மேற்படி நிகழ்ச்சியில் நேரில் கலந்துகொள்ளவுள்ளேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' வளையம் பச்சையாகவே இருந்தது. மடல் பறந்தது. ஆறிய நேரம்: பூஜ்யம்.

அதைப் பார்த்ததும்தான் அவருக்கு உறைத்தது. இந்தப் பூஜ்யத்தை அவளும் பார்ப்பாளே!

"அந்த இருநூத்திப் பன்னெண்டு கணக்கையும் அச்சடிச்சுக் குடுப்பா," என்றார்.

ஞாயிறு காலை மிதவூர்ப் படகுத்துறையில் ஹெப்சிபா குழந்தையோடு நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். "வாங்க. பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா?" என்றாள், வங்கியில் வாடிக்கையாளரைக் கேட்பது போல.

அவரும் "ரொம்ப சௌகரியம்" என்றார். சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

அவள் படித்தாள். தேதி, தன் விலாசம், 'ஆறவில்லை'. தேதி, தன் விலாசம், 'ஆறவில்லை'. தாள் முழுக்க அதேதான்.

"என்னப்பா எழுதுனீங்க இத்தனை?"

"எல்லாம் ஒண்ணுதான். தப்பு எம்மேல, வீட்டுக்கு வா ஏட்டின்னு."

அவள் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு தன் கைக்கருவியைத் திறந்து காட்டினாள். ஆறாமல் அழிந்தவை முந்நூற்று நாற்பது, எல்லாம் அவர் விலாசம்.

"அப்ப அந்த அழைப்பு? அது பூஜ்யமால்லா வந்துச்சு?"

"அறுபது பேருக்கு ஒண்ணா அனுப்புனதுப்பா. ஒரே மாதிரி வாசகம். நடுவுல உங்க விலாசத்தையும் செருகிட்டு, அந்தப் பக்கமே பாக்காம அனுப்பிட்டேன்."

இரண்டு பேரும் அழுதார்கள், நடுவில் சிரிக்கவும் செய்தார்கள். இரண்டு வளையங்களும் சிவப்பாகவே எரிந்தன. குழந்தை அந்த வெளிச்சத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

ஊருக்குத் திரும்பி இரண்டு மாதமாகிறது. தினமும் காலையில் ஞானசிகாமணி மடல்பெட்டியைத் திறந்து பார்க்கிறார். மருமகனிடமிருந்து படகுத் தேதி, குழந்தையின் எடை, எல்லாம் பூஜ்யத்தில் வந்துவிடுகிறது. மகளிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. பெட்டியை மூடிவிட்டு, நிறைந்த மனசோடு காபி போடப் போகிறார்.

அன்றைக்கு ஸ்டெல்லா டீச்சர் வேலிப் பக்கம் வந்து நின்றார். "மவ லெட்டர் போட்டாளா சார்?"

"இல்ல டீச்சர். ஒண்ணுகூட வரல," என்றார், பெருமையை அடக்க முடியாமல்.

"ஐயோ பாவம். எம் பையன் பாருங்க, இன்னைக்கும் எட்டு மணிக்கு டாண்ணு வந்துட்டு. அதே பூஜ்யம். ஆற்றி வந்த நாள்லேருந்து ஒரு நாள்கூட மாறல." டீச்சர் திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஞானசிகாமணி அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தார். டீச்சரின் மலர்ந்த முகத்தைப் பார்த்தார். சிலதைச் சொல்வது பண்பல்ல.

"உள்ள வாங்க டீச்சர்," என்றார். "சூடா ஒரு காபி குடிச்சிட்டுப் போலாம்."