தக்சாயினி கீறிய கதவு

இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நடுமுற்றம் வைத்த பழைய நாற்சார் வீட்டைப் பென்சிலால் வரைந்து வைக்க, பின்னேரம் மூன்று மணிக்கு ஸ்கூட்டியில் பண்டத்தரிப்புக்கு வந்தாள் தக்சாயினி. கட்டடக்கலை மாணவி. வீட்டில் தனியாக இருந்த குணலட்சுமி தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அவள் கீறுவதைப் பார்த்தபடி பின்வளவில் உட்கார்ந்தாள்.

பின்சுவரில் ஓரிடம் மட்டும் சுண்ணாம்பு இல்லாமல், ஆள் உயரத்துக்குச் சீமெந்து பூசியிருந்தது. வாசலை அடைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள் தக்சாயினி. படித்தவள் அல்லவா, யாரையும் கேட்கவில்லை. படத்தில் அந்த இடத்தில் அழகாக ஒரு கதவை வரைந்தாள்.

சுவர்ப்பக்கமிருந்து பழஞ்சந்தன வாடை வந்தது.

படத்தை எட்டிப் பார்த்த குணலட்சுமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அங்கே ஒருநாளும் கதவு இருந்ததில்லை என்றாள். அக்கா மகாதேவி செத்தது பஞ்சமியில். பஞ்சமியில் செத்தவர் துணைக்கு ஆள் தேடி, போன வழியாலேயே திரும்பி வருவாராம். அதனால் சுவரை உடைத்து உடலை வெளியே எடுத்து, அன்றைக்கே அடைத்துவிட்டார்கள்.

"அந்தக் கதவை அழியும் பிள்ளை. கெதியா அழியும்."

உள்ளே அக்காவின் அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

"குணம்..."

அக்கா கூப்பிட்டால் ஐம்பது வருடம் பதில் சொல்லிப் பழகிய வாய். யோசிக்குமுன் சொல்லிவிட்டது.

"ஓம் அக்கா, வாறன்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். தக்சாயினி படத்தை மடியில் இழுத்து வைத்தாள். கதவு போனால் எல்லாம் சரியாகும் என்று நம்பி, கடதாசி மயிர்விடும் வரை அழிறப்பரால் தேய்த்தாள். ஒரு கோடும் மிஞ்சவில்லை.

சுவருக்குள் யாரோ தட்டினார்கள்.

அறைக்கு ஓடினாள். வெறுங்கட்டில். வீடு முழுக்கத் தேடினாள், குணலட்சுமி இல்லை. திரும்பி வந்தபோதும் தட்டுதல் நிற்கவில்லை. அவசரமாக ஒரு கை. ஆறுதலாக, மெல்ல மெல்ல இன்னொரு கை.

அந்த மனிசியை உள்ளே வைத்து அடைத்தது தான்தான் என்று அப்போதுதான் விளங்கியது. அழுதுகொண்டே பென்சிலை எடுத்தாள். வேறு வழி தெரியவில்லை. கதவின் இரண்டு நிலைக்கால்களையும் திரும்ப வரைந்தாள்.

தட்டுதல் நின்றது.

குணலட்சுமியின் குரல் சுவருக்குள்ளிருந்து கேட்டது. அதில் பயமே இல்லை.

"இன்னும் கொஞ்சம் அகலமாக் கீறும் பிள்ளை. நாங்கள் ரெண்டு பேர்."