ஸ்டெல்லாவைத் தேடிய இரண்டு பேர்

மாட்டினி முடிந்து கதவு திறந்தபோது வெளியே மழை… தூத்துக்குடிக்கு வருஷத்தில் நாலு நாள் பெய்கிற மழை அன்றைக்கே மொத்தமாய்க் கொட்டிவிடுவது போல் விழுந்துகொண்டிருந்தது. தியேட்டர் முகப்பில் கூட்டம் முண்டியடித்தது. தூணோரம் ஒதுங்கிய பிளாரன்ஸ், பக்கத்தில் நின்ற கிளாடிஸிடம் பொருமினாள்.

"புருஷன் முத்துக்குளிக்கப் போயி ஏழு நாளாச்சு. ஆளக் காணும். இவ நாப்பது பேரோட ஆடுதா. நாச்சி ஆடுவாளாடி?"

"பழைய படத்து நாச்சி மட்டும் என்னவாம்? விளக்குக் கம்பம் மாதிரி நின்னுக்கிட்டுல்லா பாடுனா."

பதில் சொன்னது கிளாடிஸ் இல்லை. பின்னாலிருந்து ஓர் ஆண்குரல்.

பிளாரன்ஸ் திரும்பினாள். சட்டை முழுக்க நனைந்து, நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டு நின்றான் அவன். உயரமாய், கொஞ்சம் கூச்சமாய்… ஆனால் சொன்னதை வாபஸ் வாங்குகிற முகமாய்த் தெரியவில்லை.

"பழைய படத்தப் பாத்திருக்கியளா?"

"ஒம்பது தடவ."

"ஒம்பது தடவ பாத்துமா புரியல?"

கிளாடிஸ் சிரித்துவிட்டாள். அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். மழைச் சாரல் பட்டு ஈரமாயிருந்த பிளாரன்ஸின் கண்கள்… கறுப்பென்றும் சொல்ல முடியாது, பழுப்பென்றும் சொல்ல முடியாது. கோபத்தில் இன்னும் பெரிதாகி அவனையே பார்த்தன. சொல்ல வந்தது மறந்தே போனது.

"பதில் இல்லல்லா?" என்றாள். லேஞ்சித் துணியால் முகத்தைத் துடைத்து, அதையே தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தாள்.

'வலம்புரி நாச்சி' அந்தக் கடற்கரை மொத்தத்துக்கும் சொந்தமான இசை நாடகம். சுதந்திரத்துக்கு முன்னால் ஓர் உள்ளூர்க் குழு ஊர் ஊராய் மேடையேற்றியது. கடலுக்குள் போன கணவனுக்காகக் கரையில் காத்திருக்கும் பெண்ணின் கதை. ஐம்பத்திரண்டில் கறுப்பு வெள்ளையில் படமானது. அதில் கணவனின் உடல் கரை ஒதுங்கும். இந்த எழுபத்து மூன்றில் வண்ணத்தில் வந்திருக்கிறது; இதில் கூடை நிறைய முத்தோடு உயிரோடு வந்துவிடுகிறான். எது சரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை. தொலைபேசி நிலையத்தில் பிளாரன்ஸ் காதில் கருவியை மாட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மணப்பாட்டுக்கு ஒரு ட்ரங்க் கால் வேணும். எங்கம்மாட்ட பேசணும். எம்பேரு இனிகோ…"

அந்தக் குரல். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"விளக்குக் கம்பத்துக்கிட்ட நிக்கச் சொல்லுங்க. இணைப்பு தாரேன்."

மறுமுனையில் குரல் தணிந்தது… "நேத்து நீங்க போனதுக்கப்புறந்தான் பதில் ஞாபகம் வந்துச்சு."

"இப்ப சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வாசகசாலைல சொல்லுதேன். ரெண்டு படத்தப் பத்தியும் விவாதம் வச்சிருக்காங்க. பழைய படத்துக்குப் பேச ஆளில்லையாம்… பயமா இருந்தா வர வேண்டாம்."

வந்தாள். பாக்கு நிறச் சேலையில், கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் எழுந்து இருபது நிமிஷம் பேசினாள். நாச்சியின் துக்கம் அசைவில் இல்லை, அசையாமல் நிற்பதில்தான் இருக்கிறது என்றாள். புதிய துறைமுகத்தில் வரைபடம் போடுகிறவனான இனிகோ, பெண்ணை அழவைத்தே முடிக்க வேண்டுமா, கடல் ஒருமுறையாவது எடுத்ததைத் திருப்பித் தரக்கூடாதா என்று கேட்டான். அவள் பேசும்போது அவன் குறிப்பெடுக்க மறந்தான். அவன் பேசும்போது அவள் மறுப்புச் சொல்ல மறந்தாள்.

நடுவராயிருந்த அற்புதமணி சார் சாயர்புரத்துப் பள்ளியில் படித்த காலத்தில் அந்த நாடகத்தை நேரில் பார்த்தவர். தீர்ப்புச் சொல்ல எழுந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாப்பத்தாறுல பாத்தேன். நோட்டீஸ்ல 'நாச்சியாக மிஸ் ஸ்டெல்லா'ன்னு போட்டிருந்துச்சு. அப்படியொரு குரல நான் அப்புறம் கேக்கல. ஆனா அந்தக் கடைசிக் காட்சி… ரெண்டு படத்துலயும் அது இல்ல. எனக்கு அதச் சொல்லத் தெரியல. தெரிஞ்சா அந்த ஸ்டெல்லாவுக்குத்தான் தெரியும். எங்க இருக்காகளோ… தீர்ப்பு வேண்டாம். அடுத்த கூட்டத்துல பாப்போம்."

கூட்டம் கலைந்தபோது வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

"தேடுவோமா?" என்றான் அவன்.

தேடினார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். பழைய அச்சகங்கள், மாதா கோயில் தெரு, ஹார்மோனியம் விற்ற கடை… ஸ்டெல்லா என்ற பெயரை எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஆளை யாருக்கும் தெரியவில்லை. நடக்கையில் இருவருக்கும் இடையே முதல் வாரம் மூன்று முழம் இடைவெளி. மூன்றாம் வாரம் ஒரு சாண். குறைந்தது எப்போது என்று இருவரும் கவனிக்கவில்லை… அல்லது கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

நாலாவது வாரம் பிளாரன்ஸுக்கு வேலை இருந்ததால் இனிகோ தனியாக ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனான். முதலாளி செந்தூர்பாண்டி அண்ணாச்சி பரண் மேலிருந்த பெட்டியைத் துழாவி ஒரு குழுப் படத்தை எடுத்துத் தந்தார். நடுவில் நாச்சி. தலை நிறையப் பூ, நெற்றியில் சுட்டி… அந்தக் கண்கள்.

படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். இந்தக் கண்களை அவனுக்குத் தெரியும்.

"இந்தம்மா யாரு அண்ணாச்சி?"

"அம்மாவா?" செந்தூர்பாண்டி சிரித்தார். "அந்தக் குழுவுல பொம்பளையே கெடையாதுப்பா. அது நம்ம மரியான் தண்டல்லா. தோணி ஓட்டுதாரே… மக கூட டெலிபோன் ஆபீஸ்ல இருக்கு."

பழைய துறைமுகத்தில் மரியான் தன் தோணியின் பாய்க் கயிறுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, நரைத்த மீசை, உப்பில் தடித்த கைகள். இனிகோ படத்தை நீட்டினான். ஒரே பார்வை. அவர் முகம் கல்லானது.

"எம்மகளுக்குத் தெரியுமாலே?"

"தெரியாது. முதல்ல உங்கள்ட்ட கேக்கணும்னு வந்தேன்."

"தெரியக்கூடாது. நாடகம் போட்ட ஊருல தெருவுல போனா 'ஏளா ஸ்டெல்லா'ன்னு விசிலடிச்சானுவ. பொண்ணு கேட்டுப் போன வீட்டுல அண்ணங்காரன் என் நடையப் பாத்துச் சிரிச்சான். அந்தச் சேலையக் கடல்ல போட்டு இருபத்திரண்டு வருஷமாச்சு. எம்மக முன்னால நான் ஆம்பளையா நிக்கணும்லே. சத்தியம் பண்ணு."

இனிகோ சத்தியம் செய்தான்.

அன்று மாலை வாசகசாலைப் படியில் பிளாரன்ஸ் காத்திருந்தாள்.

"ஸ்டுடியோவுல ஏதாவது கெடச்சுதா?"

அவன் அவள் கண்களைப் பார்க்கவில்லை. "தேடுறத விட்டுருவோம். பழைய படந்தான் நல்ல படம். நான் ஒத்துக்கிடுதேன்."

"விட்டுக்குடுங்கன்னு நான் கேட்டனா? என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"எங்கூடச் சுத்துனது போதும்னு தோணிட்டா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். மறுநாளிலிருந்து அவன் குரல் கேட்டால் இணைப்பைக் கிளாடிஸிடம் தள்ளினாள். மணப்பாட்டு அம்மாவிடம் அவன் அந்த இரண்டு வாரத்தில் ஏழு முறை பேசினான். பேச ஒன்றும் இல்லை என்று அந்த அம்மாவே சொல்லியிருப்பார்.

ஒரு சாயங்காலம் மரியான் வீடு திரும்பியபோது அடுக்களையில் மகள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் உலை தளதளவென்று கொதித்துப் பாதியாய் வற்றியிருந்தது. மனைவி போய்ச்சேர்ந்த நாளுக்குப் பிறகு அவளை இப்படி அவர் பார்த்ததில்லை.

"என்னளா, உடம்புக்கு என்ன?"

அழுதுவிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள். ஒருவர்… புதுத் துறைமுகத்தில் வேலை… சேர்ந்து ஸ்டெல்லாவைத் தேடினோம்… திடீரென்று காரணம் சொல்லாமல் விட்டுவிட்டார்.

"பேரென்ன?"

"இனிகோ."

மரியான் சுவரில் சாய்ந்தார். "காரணமே சொல்லலியா?"

"இல்லப்பா. கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. என்னைப் பிடிக்கல போல…"

அவர் உலையை இறக்கி வைத்தார். பிறகு அவளுக்கு முதுகு காட்டியபடியே சொன்னார்.

"ஞாயித்துக்கெழம விடியக்காலம் அந்தப் பையனக் கடக்கரைக்கு வரச் சொல்லு. நீயும் வா."

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. ஈர மணலில் இனிகோ ஓரமாய் நின்றான். பிளாரன்ஸ் இன்னொரு ஓரமாய். எதற்கு என்று இருவருக்கும் தெரியவில்லை. மரியான் வேட்டியை இறக்கிவிட்டு, கடலுக்கு முதுகு காட்டி அவர்களைப் பார்த்து நின்றார்.

"நாடகம் ராத்திரி முச்சூடும் நடக்கும். கொட்டகைய எப்பவும் கடக்கரைலதான் போடுவோம். விடியுற நேரத்துக்குக் கடைசிப் பாட்டு," என்றார்.

பாடத் தொடங்கினார். முதல் அடி கரகரத்தது, உடைந்தது. இருமினார். மறுபடி எடுத்தார்…

"கொண்டவனைக் கேட்கவில்லை கடலே…
கண்டதுண்டா, அதை மட்டும் சொல்…"

தோள்கள் தாழ்ந்தன. கழுத்து மெல்லச் சாய்ந்தது. இல்லாத முந்தானையை விரல்கள் பற்றி நெஞ்சோடு சேர்த்தன. பிளாரன்ஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நரைத்த மீசை அங்கேதான் இருந்தது. அவள் கண்ணுக்கு அது தெரியவில்லை. ஏழு நாள் தூங்காத ஒரு பெண் அங்கே நின்றாள். இத்தனை காலம் தன்னோடு ஒரே வீட்டில் இருந்த மனிதருக்குள் இவள் எங்கே இருந்தாள்… எப்படி மூச்சுவிட்டாள்…

கடைசி அடியின் நடுவில் பாட்டு நின்றது.

"இங்கன படுதாவ அறுத்து விட்டுருவோம்," என்றார் மெல்ல. "கடல் மாதிரி வரைஞ்ச படுதா கீழ விழும். பின்னால நெசக் கடல் கெடக்கும். நாச்சி சனங்களுக்கு முதுகக் காட்டித் திரும்பிருவா."

திரும்பினார். அந்த நொடியில் சூரியன் நீரை விட்டு எழுந்தது. கடல் முழுக்கச் செம்பொன்னாய்த் தகதகத்தது. அவர் நடந்தார்… கணுக்கால் நீர், முழங்கால் நீர்… நின்றார். புருஷன் வந்தானா, இல்லையா… யாரும் சொல்லவில்லை. எதிரே அந்தப் பெரிய வெளிச்சம் மட்டும். இனிகோவின் கண்கள் நிறைந்து வழிந்தன. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. பெரிய ஒன்றின் முன்னால் நிற்பவர்களைப் போல இருவரும் மூச்சடக்கி நின்றார்கள்.

மரியான் திரும்பி வந்தபோது பழைய மரியானாக இருந்தார்.

"உங்கம்மையக் கட்டின வருஷம் படக் கம்பெனிக்காரன் ஸ்டெல்லாவத் தேடி வந்தான். செத்துட்டான்னு நாந்தான் சொன்னேன். இந்தப் பையன் கண்டுபிடிச்சு எங்கிட்ட வந்தான். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அவம் மேல தப்பில்லளா."

பிளாரன்ஸ் அவர் ஈரக் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "ஏம்ப்பா மறைச்சிய?"

"நீ வெக்கப்படுவேன்னு…"

"வெக்கமாத்தான் இருக்குப்பா. ஊரெல்லாம் தேடுனேன். வீட்டுக்குள்ள பாக்கத் தெரியல எனக்கு."

அவர் மகளின் தலையை ஒரு முறை தடவினார். இனிகோவைப் பார்த்துத் தலையசைத்தார். பூசைக்கு நேரமாயிற்று என்று முணுமுணுத்தபடி முன்னால் நடந்துவிட்டார்.

இருவர் மட்டும் நின்றார்கள். அலை வந்து கால்களை நனைத்துப் போனது.

"அன்னைக்குக் கேட்டேன்லா. சொல்லியிருக்கலாம்லா," என்றாள்.

"சொல்லியிருந்தா ஒங்கப்பாவ ஏமாத்துனவன் ஆயிருவேன். அப்படி ஒருத்தன நீங்க நம்ப மாட்டிய." ஓர் அடி கிட்டே வந்தான். "அந்தப் படத்துல இருந்தது யாருன்னு அண்ணாச்சி சொல்லுறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சிருச்சு, பிளாரன்ஸ். ஒங்க கண்ணு… ராவும் பகலும் அந்தக் கண்ணுதான் எனக்கு. நீங்க பேசாத இந்த ரெண்டு வாரமும் நான் நானா இல்ல. ஒங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுக்கு மேல அழகாச் சொல்லத் தெரியல."

அவள் குனிந்து மணலைப் பார்த்தாள். கன்னம் சிவந்தது வெயிலாலா… அவனுக்குத் தெரியவில்லை.

மாதா கோயிலில் முதல் பூசை மணி அடித்தது.

"பூசைக்கு எங்கூட வாரியளா?" என்றாள் அவள், நிமிர்ந்து.

"சேந்தா? தெருவழியாவா? ஊரு பாக்குமே."

"பாக்கட்டும். எங்க வீட்டுல இனிமே எதையும் மறைக்கிறதா இல்ல. எனக்கும் ஒங்களப் பிடிச்சிருக்கு."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மணலில் நடந்தாள்.