கிராணியின் பல் செட்டு

ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டுக்கு மேவிஸம்மா வந்தபோது கையில் ஒரு கிளாஸ் தண்ணீர். அதற்குள், போன வாரம் செத்துப்போன அவள் புருஷன், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய கிரகரி கிராணியின் பல் செட்டு.

“தெரசம்மா, ஒங்க வூட்டுக்காரருக்குப் போட்டுப் பாரு லா. இவருக்கு இனிமே எதுக்கு?”

நான் கூச்சப்படவில்லை. ஜப்பான்காரன் வந்ததும் அரிசி போச்சு. நார் பிடித்த மரவள்ளிக் கிழங்குதான். என் வீட்டுக்காரருக்கு வாயில் ஒரு பல் கிடையாது. துப்பித் துப்பியே எலும்பும் தோலுமாகிவிட்டார். பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன கல்லா?

வெந்நீரில் அலசி மாட்டிவிட்டேன். கொஞ்சம் ஆடியது, கட் கட்டென்று சத்தம். ஆனாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் விடியலில் பனிமூட்டத்தோடு சுருட்டு வாசனை வந்தது. கிராணி பிடிக்கிற சுருட்டு.

வாசலில் என் வீட்டுக்காரர் விறைப்பாக நின்றிருந்தார்.

“வேலாயி!”

அவர் வாயிலிருந்து கிராணியின் குரல்.

ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டுக்குப் பேர் கூப்பிடுகிற அதே குரல். கொழுந்து வேலை நின்றதிலிருந்து பெரட்டே கிடையாது.

பக்கத்து வீட்டு வேலாயி தூக்கக் கலக்கத்தில், பழக்கதோஷத்தில், “வந்துட்டேங்க!” என்றாள்.

விடிந்து பார்த்தால் பாயிலேயே செத்துக் கிடந்தாள்.

“நீங்களா கூப்பிட்டீங்க?” என்றேன்.

“நானா? இந்தா புள்ள, நான் தூங்கிக்கிட்டில்ல இருந்தேன்.”

கட். கட்.

பாழாய்ப்போன பல்! பிடுங்கிக்கொண்டு போய்க் கிராணியின் குழிமேட்டிலேயே புதைத்தேன். அவர் பசி என்று அழுதார். “நான் மென்னு தரேன், அழுவாதீங்க,” என்று மென்று ஊட்டினேன்.

மறுபடி விடியல். சுருட்டு வாசனை.

அவர் என் பக்கத்தில்தான் படுத்திருந்தார். குரல் வெளியே பனிக்குள்ளிருந்து வந்தது.

“ஞானசுந்தரம்!”

என் வீட்டுக்காரர் பேர். பதில் சொல்ல அவர் உதடு அசைந்தது. பாய்ந்து வாயைப் பொத்தினேன். வெளிச்சம் வரும்வரை கையை எடுக்கவில்லை. மூச்சு இருந்தது. மாதாவே!

உள்ளங்கை எரிந்தது. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, பல் பதிந்திருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார்.

“தெரசம்மா!”

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை ‘இந்தா புள்ள’ என்றுதான் கூப்பிடுவார். பேர் சொன்னதே இல்லை.

இப்போது தினமும் விடியலில் கூப்பிடுகிறார். வாய் தவறிக்கூடப் பதில் வந்துவிடாமல், நான் அவருக்கான கிழங்கை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, மென்றுகொண்டே இருக்கிறேன்.