பத்து லட்சத்துக்கு ஏழு

செவ்வாயில் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் பிறவி நுரையீரலை எடுத்துவிட்டுச் செயற்கை நுரையீரலைப் பொருத்துவார்கள். அன்று வீட்டில் பாயசம் வைப்பது வழக்கம்.

அந்தக் காலையில் ஐயாயிரம் நுரையீரல்கள் தொழிற்சாலை வாசலில் வண்டியில் ஏற்றப்பட்டு நின்றன. தர ஆய்வாளர் தாட்சாயணியின் கையெழுத்துதான் பாக்கி. அறுத்துப் பார்த்தால்தான் பழுது தெரியும், அறுத்தது உதவாது. ஆகவே மாதிரிக்கு நூறை எடுத்து அறுத்திருந்தாள். நான்கில், ஒவ்வொன்றிலும் ஓர் இணைப்பு விட்டிருந்தது.

“நூத்துக்கு நாலு. அனுப்ப முடியாது சார்.”

மேலாளர் பாக்கியநாதன் நெற்றியைத் தேய்த்தார். “ஒரு நுரையீரல்ல பத்தாயிரம் இணைப்பு மேடம். நூறு நுரையீரலுக்குப் பத்து லட்சம். அதுல கெட்டது நாலே நாலு. பத்து லட்சத்துக்கு நாலுன்னு எழுதுங்க. பொய் இல்லையே?”

“ஒரு இணைப்பு விட்டாலே மூச்சு நின்னுடும். மூச்சுவிடறது இணைப்பா சார்? பிள்ளைங்க!”

வெளியே வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. தனக்கொரு சாட்சி இருக்கட்டும் என்று, அறுத்த நூறையும் மறுபடி பார்க்கும்படி ‘ஆய்வி’ என்ற ரோபோவிடம் தாட்சாயணியே சொன்னாள். அதற்குப் பதினொரு நிமிடம் பிடித்தது.

“பழுது ஏழு. மூன்றை நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள். உங்கள் பிழை நூற்றுக்கு மூன்று. ஒன்றைத் தாண்டினால் ஆய்வாளர் உரிமம் ரத்து. பூமிக்கு அனுப்பிவிடுவார்கள்.”

இருபத்திரண்டு வருடம் செவ்வாயில் வாழ்ந்த தாட்சாயணியின் எலும்பு, பூமியில் உடல் எடையைத் தாங்காது.

“நூறுன்னு எப்படிச் சொல்றே?” என்றாள். “ஒவ்வொண்ணுலயும் பத்தாயிரம் இணைப்பு பார்த்திருக்கேன். பத்து லட்சத்துல மூணு தடவைதான் கண்ணு தவறியிருக்கு.”

“அப்படியும் கணக்கிடலாம். ஆனால் ஓர் அறிக்கைக்கு ஒரே அளவுகோல்தான், பழுதுக்கும் உங்கள் பிழைக்கும். எதை எழுதட்டும்?”

பாக்கியநாதன் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

வண்டி போன பிறகு, ஐயாயிரத்தில் எத்தனை பிள்ளைகள் என்று அவள் மனம் பெருக்கத் தொடங்கியது. தலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

அந்த ஆண்டின் தரக் கேடயம் அவர்கள் ஆலைக்கே கிடைத்தது. மேடையில் ‘பத்து லட்சத்துக்கு ஏழு’ என்று பழுது விகிதத்தை வாசித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கூட்டத்தில் ஒருவர்கூட, பத்து லட்சம் எது என்று கேட்கவில்லை.