இடையில் நிற்கும் ஆள்

ஜூன் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில்தான் ஷைஜா தேங்காய்ப்பட்டணத்து வீட்டுக்குக் குடிவந்தாள். ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, தென்னைகளுக்குள் ஒதுங்கி நின்ற ஓட்டு வீடு அது. முன்னறை, அதை அடுத்து நீளமான ஹால், ஹாலின் கடைசியில் அடுக்களை. அடுக்களையின் பின்வாசலைத் திறந்தால் பத்தடியில் ஆறு. வீட்டுக்காரி பேபி குவைத்தில் இருந்தாள். சாவியைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளும்படி போனில் சொன்னதோடு சரி.

ஷைஜா நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். 2012-இல் அந்த மாதிரி நேர்முகத் தேர்வுகள் ஸ்கைப்பிலேயே நடக்கத் தொடங்கியிருந்தன. வரும் வியாழக்கிழமை மத்தியானம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் கணவன் ஸ்டெனிக்குக் கப்பலில் வேலை. துணைக்கு அவனுடைய தங்கை அஜிஷா கூட இருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. ஒரே தொந்தரவு, இன்டர்நெட்.

போன் லைன் அடுக்களைச் சுவர் வழியாக வந்ததால் ரவுட்டரையும் ஹாலின் அந்தக் கடைசியில்தான் வைக்க வேண்டியிருந்தது. லேப்டாப் முன்னறை மேஜையில். இரண்டுக்கும் நடுவில் ஹால் காலியாகக் கிடந்தது. ஒரு நாற்காலிகூடக் கிடையாது. காலையில் சிக்னல் நாலு கோடும் நிறைந்து நிற்கும். மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வரும்போது ஒன்று குறையும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு ஒரேயடியாகப் போய்விடும். எழுந்துபோய்ப் பார்த்தால் ரவுட்டரில் பச்சை விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரியும். அணைத்துப் போடுவாள். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் அதே கதை.

அப்படி ஹாலைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வாடை வந்தது. உப்பும் டீசலும் ஊறிய பழைய வலையின் வாடை. ஆற்றுக்காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து செல்வதாஸ் வந்தான். லைனைச் சோதித்தான், கம்பி முனைகளைச் சுரண்டி மாட்டினான், சேனலை மாற்றினான்.

"லைன்ல ஒரு குறையும் இல்ல சிஸ்டர். இடையில எதாவது தடுக்கும். இரும்பு பீரோ தடுக்கும். வெள்ளம் அதுக்க மேல தடுக்கும். தண்ணி நெறச்ச மீன் தொட்டி எதும் வச்சிருக்கியளா?"

"அதெல்லாம் இல்ல அண்ணா. ஹால்ல ஒண்ணுமே கெடையாது."

"ஆளு நின்னாலே ஒரு கோடு கொறையும். மனுசன் ஒடம்புல பாதிக்கு மேல வெள்ளம்லா."

ரவுட்டரை உயரத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டு, முன்னறைக்கு வந்து லேப்டாப்பின் முன் குனிந்தான். ஷைஜா அவனுக்குப் பின்னால் நின்றாள். நாலு கோடு. அவன் திருப்தியாகத் தலையாட்டினான். அப்போது ஒரு கோடு இறங்கியது.

தலை நிமிராமலே சொன்னான்: "ஹால்ல நிக்கவியள கொஞ்சம் மாறி நிக்கச் சொல்லுங்க சிஸ்டர்."

ஷைஜா ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

செல்வதாஸ் நிமிர்ந்து பார்த்தான். ஹால் காலியாக இருந்தது. அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. சாமான்களைப் பைக்குள் வேகமாகப் போட்டுக்கொண்டு, "நான் நாளைக்கு வயரு கொண்டு வாறேன். வயரு போட்டாச்சுன்னா இடையில எது நின்னாலும் பிரச்சன இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஷைஜா சாயா கொண்டுவந்தபோது வாசலில் அவனுடைய பைக் இல்லை.

சாயங்காலம் அஜிஷாவிடம் சொன்னாள். அஜிஷா சிரித்தாள்.

"நீங்க வேற மைனி! நான் போய் நிக்கேன், எத்தன கோடு கொறையுதுன்னு பாருங்க."

ஹாலின் நடுவில் போய் நின்றாள். நாலு மூன்றாயிற்று. விலகினாள், நாலு. மறுபடியும் நின்றாள், மூன்று. இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அஜிஷா சிரித்தபடி சுவரோரமாக ஒதுங்கினாள்.

"இப்ப நாலுதானே?"

மூன்று.

"நல்லா ஒதுங்கு."

"சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கேன் மைனி."

இரண்டு.

ஷைஜா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எது இடையில் நின்றாலும் லேப்டாப்பை நெருங்க நெருங்க அதிகமாக மறைக்கும் என்று செல்வதாஸ் சொல்லியிருந்தான்.

ஒன்று.

அஜிஷாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. காலைத் தூக்கித் தரையைப் பார்த்தாள்.

"மைனி, தரை நனஞ்சிருக்கு."

அன்று இருவரும் முன்னறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஜெபமாலை சொல்லிவிட்டு, ஒரே கட்டிலில் படுத்தார்கள். வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று அஜிஷா சொன்னாள். வியாழக்கிழமை முடியட்டும் என்றாள் ஷைஜா. இந்தத் தேர்வை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டெனி கப்பலை விட்டு இறங்குவதும் இந்த வேலை கிடைப்பதைப் பொறுத்துத்தான் இருந்தது.

புதன்கிழமை செல்வதாஸ் வயரைக் கொண்டுவந்தான். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றே எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்தான். அடுக்களையிலிருந்து ஹால் தரை வழியாக முன்னறை மேஜைவரை, நீல நிற வயரை அஜிஷா இழுத்துப் போட்டாள். லேப்டாப்பில் செருகியதும் ஸ்கைப் படம் கண்ணாடிபோலத் தெளிந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் மழை வலுத்தது. அஜிஷா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஷைஜா வெள்ளை சுடிதார் போட்டு, தலைவாரி, ஹாலுக்கு முதுகு காட்டாமல் உட்காரத்தான் நினைத்தாள். ஆனால் வயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

திரையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் தோன்றினார்கள். அன்பாகப் பேசினார்கள். மூச்சுத் திணறலோடு வரும் நோயாளிக்கு முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். ஷைஜா தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். அடுத்த கேள்வி. அதற்கும் சொன்னாள். பயம் போய், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது.

அப்போது லேப்டாப் அசைந்தது.

தன் கை பட்டிருக்கும் என்று நினைத்தாள். பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். தளர்ந்து கிடந்த வயர் மெல்ல மெல்ல விறைத்துக்கொண்டிருந்தது. ஹால் பக்கமிருந்து யாரோ அதைக் கையில் சுற்றிச் சுற்றி இழுப்பதுபோல. கரையிலிருந்து வலை இழுப்பதுபோல.

லேப்டாப் மேஜை விளிம்பை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தது.

ஷைஜா இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்காமல் பதிலை முடித்தாள். வாடை வந்தது. உப்பு, டீசல், அதற்கும் அடியில் பிணவறைக்குப் போய்வந்த நர்ஸுகளுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு வாடை. முதுகில் குளிர் தட்டியது.

திரையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். தேர்வு நடக்கும்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. உங்களுக்குப் பின்னால் நிற்பவரைத் தயவுசெய்து வெளியே போகச் சொல்லுங்கள்.

"இங்கே யாரும் இல்லை" என்றாள் ஷைஜா ஆங்கிலத்தில்.

அந்தப் பெண்ணின் முகம் இறுகியது. இல்லை, இப்போது அவர் உங்கள் தோள்மேல் குனிந்துகொண்டிருக்கிறார் என்றாள்.

காதருகே சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

ஷைஜா எழுந்து ஓடினாள். செருப்பும் இல்லை, குடையும் இல்லை. அஜிஷா வந்தபோது அவள் தெருமுனையில் சிலுவை நிற்கும் குருசடி வாசலில், மழைக்கு ஒதுங்கக்கூடத் தோன்றாமல் நனைந்துகொண்டு நின்றாள்.

அங்கிருந்தே அஜிஷாவின் போனில் பேபியைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரில் யாரோ தெரிந்ததைச் சொல்லும்போது ஷைஜாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. இந்த வீட்டுல என்ன நடந்துச்சு?"

பேபி தன் கணவனைப் பற்றி மெதுவாகச் சொன்னாள்.

"எனக்க மாப்பிள ததேயுஸ் கடலுக்குப் போய் வள்ளம் கவுந்து செத்தாரு மக்கா. நாலு வருசமாச்சு. எனக்கு லீவு தரல்ல, பாஸ்போர்ட்டு முதலாளி கையில. ஒரு வாரம் கழிச்சு ஆத்து முகத்துல ஒடம்பு ஒதுங்குச்சு. அந்த ஹால்லதான் பெட்டிய வச்சிருந்தாவ. தெறந்து காட்டக்கூடிய நெலமையில இல்லியாம். மொகமே இல்லியாம். சட்டைய வச்சுத்தான் அவருதான்னு சொன்னாவ. அன்னைக்கே அடக்கம் பண்ணிட்டாவ."

"அவருதான் அங்க நிக்காரு அக்கா. எங்களுக்குப் பயமும் பேடியுமா இருக்கு."

பேபி அழுதாள். அழுகைக்கு நடுவே கேட்டாள்: "மக்கா, அந்த கம்ப்யூட்டர்ல அவரு தெரியுதாருன்னா, எனக்கு ஒரு தடவ காட்டித் தருவியா? நான் அவரக் கடைசியா பாக்கவே இல்ல."

வேண்டாம் என்று அஜிஷா தலையாட்டினாள். ஆனால் ஷைஜாவால் மறுக்க முடியவில்லை. இருட்டுவதற்குள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். லேப்டாப் தரையில் கிடந்தது, உடையவில்லை. ஷைஜா ஸ்கைப்பில் பேபியைக் கூப்பிட்டாள். குவைத்தில், அடுக்குக் கட்டில் ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மெலிந்த பெண் தெரிந்தாள். தலையில் முக்காடு போட்டிருந்தாள், கோயிலுக்குப் போவதுபோல.

ஷைஜா கண்ணை மூடிக்கொண்டு லேப்டாப்பை ஹால் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"நிக்காரு" என்றாள் பேபி. குரல் குழைந்தது. "மாதாவே, நிக்காரு. இஞ்ச பாருங்க, நான்தான் பேபி. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்களேன்."

அஜிஷாவின் விரல்கள் ஷைஜாவின் கையை நெரித்தன.

ஹாலில் ஈரமான பாதம் ஒன்று தரையில் பதியும் சத்தம். இன்னொன்று.

பேபியின் பேச்சு நின்றது.

"ஷைஜா." இப்போது அது வேறு குரலாக இருந்தது. "வீட்ட விட்டு எறங்கு."

"என்னக்கா?"

"எனக்க மாப்பிள என் தோளுக்குத்தான் வருவாரு. இந்த ஆளுக்கு வாசல் நிலையில தல முட்டுது."

"அக்கா..."

"இது ததேயுஸ் இல்ல மக்கா. இவன் ஆருன்னே எனக்குத் தெரியாது. எறங்கி ஓடு!"

லேப்டாப்பைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மறுநாள் பகல் வெளிச்சத்தில், தெரு ஆண்கள் நாலு பேர் போய்த்தான் அவர்களுடைய சாமான்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஹால் தரை முழுக்க ஆற்று மணல் கிடந்ததாகச் சொன்னார்கள். பின்வாசல் உள்பக்கமாகத் தாழிட்டே இருந்ததாம்.

இருவரும் நெய்யூரில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினார்கள். இணைப்பு அறுந்துவிட்டது என்று ஷைஜா மெயில் அனுப்ப, ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். இந்தத் தடவை களியக்காவிளையில் ஒரு நெட் சென்டரில், நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து பேசினாள். வேலை கிடைத்தது.

மழைக்காலம் முடியுமுன் பேபி குவைத்தை விட்டு வந்தாள். பங்குத்தந்தையைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். நாலு வருஷமாகத் தன் கணவனுடைய பெயரில் கிடந்தவனுக்காக, அவன் யாராக இருந்தாலும் சரியென்று, ஜெபம் சொல்ல வைத்தாள். சிலுவையில் இருந்த ததேயுஸின் பெயரை அழித்தாள். பிறகு யார் சொல்லியும் கேட்காமல் அந்த வீட்டிலேயே தங்கினாள். தன் ஆள் இன்னும் கடலில்தான் கிடக்கிறார், வந்தால் இங்கேதான் வருவார் என்று சொன்னாளாம்.

ஷைஜா அயர்லாந்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் பேபி போனில் கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மக்கா, நேத்தைக்குப் பின்வாசல்ல வந்து தட்டுனாரு. தொறந்து விட்டேன். வந்துட்டாரு மக்கா."

ஷைஜாவின் கையிலிருந்த துணி நழுவியது.

"அக்கா... மொகத்தப் பாத்தியளா?"

பேபி பதில் சொல்லுமுன், போனுக்கு மிக அருகில், யாரோ மூச்சை இழுத்தார்கள். நெஞ்சு நிறையத் தண்ணீர் கோத்தவர்கள் இழுக்கும் மூச்சு. ஆஸ்பத்திரியில் ஷைஜா பலமுறை கேட்டது.

"மொகத்துக்கு என்ன மக்கா?" என்றாள் பேபி. "வீட்டுக்கு வந்துட்டாருல்லா."