பாதியில் மூடிய ஊழிக்கதை

மத்தியானம் மூன்று மணிக்கு மழை விட்டு, கான்சாபுரத்துத் தெருவில் சுள்ளென்று வெயில் அடித்த பிறகும், மாரிக்கனியின் வீட்டுக்குள் மட்டும் தண்ணீர்ச் சத்தம் ஓயவில்லை. சுவருக்குள் எங்கோ சளசளவென்று ஓடியது. பாசியும் சேறும் கலந்த கண்மாய் வாடை அடுப்படி வரை வந்தது. மோட்டாரை அணைக்க மறந்துவிட்டோமோ என்று எட்டிப் பார்த்தாள். மோட்டார் அணைந்துதான் கிடந்தது.

மழை பொய்த்தால் கோயிலில் ஊழிக்கதை வாசிப்பது அந்த ஊர் வழக்கம். உலகத்தை நீர் விழுங்கும். ஒரே ஒரு குடும்பத்தை ஓடத்தில் ஏற்றி, தெய்வமே கதவைச் சாத்தும். தூறல் விழுந்துவிட்டால் வெள்ளம் வடிகிற வரி வரை வாசித்தே தீர வேண்டும். ஆனால் மழையைக் கண்ட, உழுது பிழைக்கிற சம்சாரிக்குப் புத்தி ஓரிடத்தில் நிற்குமா? மாமனார் கருத்தையா இன்று பாதியில் புத்தகத்தை மூடி, வீட்டில் போட்டுவிட்டு, வரப்பை வெட்டிவிட ஓடிவிட்டார்.

நாலு வயது மகள் முத்துப்பேச்சியைப் பால்வாடியிலிருந்து கூட்டிவர வேண்டும். மாரிக்கனி தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு அசையவில்லை. தோளால் முட்டினாள். மறுபக்கம் மலையே சாய்ந்து நிற்பது போல இருந்தது.

ஜன்னலைத் திறந்தாள். எதிர்வீட்டு மொட்டைமாடியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் அதற்கும் மேலே நின்றது.

வீடு மெல்ல ஆடியது.

மாமனாருக்குப் போன் போட்டாள்.

“மாமா, ஊரெல்லாம் தண்ணியா இருக்கு. கதவு தொறக்க மாட்டேங்குது.”

“இங்க வெயிலுல்லா அடிக்கி, தாயி.” மண்வெட்டி கீழே விழும் சத்தம் கேட்டது. “மிச்சத்த வாசி. வடியிற வரி வந்துட்டா தொறந்திரும்.”

புத்தகத்தை எடுத்து உரக்க வாசித்தாள். வெள்ளம் என்றாள், தரை உயர்ந்தது. பெருவெள்ளம் என்றாள், பாத்திரங்கள் உருண்டன. கடல்கோள். பிரளயம். ஒவ்வொரு சொல்லுக்கும் வீடு இன்னும் மேலே போனது.

அடுத்த வரியைக் கண் முந்திக்கொண்டு படித்துவிட்டது.

‘ஓடத்துக்கு வெளியே நின்ற உயிர் ஒன்றும் மிஞ்சவில்லை. அதன்பின் நீர் வடிந்தது.’

கதவு தட்டப்பட்டது.

“எம்மா, தொற. பால்வாடி விட்டாச்சு.”

முத்துப்பேச்சிதான். அவள் குரலேதான்.

புத்தகத்தை வீசினாள். கதவைப் பிறாண்டினாள். நகம் பெயர்ந்தது. கதவு பெயரவில்லை.

“எம்மா, தண்ணி கூடுது.”

“இரு தங்கம். அம்மா வாசிக்க மாட்டேன். செத்தாலும் வாசிக்க மாட்டேன்.”

தட்டல் கீழே இறங்கியது. கதவின் நடுவில். வாசற்படியில். பிறகு தரைக்கு அடியில்.

சின்னக் கை.

மாரிக்கனி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் உதடுகள் அசைந்தன. நிறுத்தி நிதானமாக, அந்த வரியை வாசித்துக்கொண்டிருந்தன.