மஞ்சள் தொட்டியில் கிடந்த அட்டை

வியாழக்கிழமை காலை வந்த அந்த அம்மாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பன்னாட்டு வணிகக் கல்லூரியில் துப்புரவு மேஸ்திரி. கழுத்தில் நாடா மட்டும் தொங்கியது. அதன் நுனியில் இருக்கவேண்டிய ஐடி கார்டைக் காணோம்.

"கார்டைப் பிடுங்கிட்டாங்க சார். நாளைக்கு மதிப்பீடு பண்றவர் வந்துட்டுப் போனதும் எங்க எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

கேட்டுக்கொண்டிருந்தவரை ஊரே இன்ஷூரன்ஸ்காரர் என்றுதான் கூப்பிடும். இருபது வருடம் பொய்யான தீ விபத்துகளைக் கிளறிப் பார்த்தவர். பிறகு அந்தக் கிளறலையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டார். உதவிக்குத் தங்கை புருஷன். மாப்பிள்ளை என்பதால் திட்டவும் முடியாது. அது மாப்பிள்ளைக்கும் நன்றாகத் தெரியும்.

மேஸ்திரியம்மா நடந்ததைச் சொன்னார். கல்லூரிக்கு நீடித்த வளர்ச்சி, சமூகப் பொறுப்பு என்று ஒரு பெரிய கொள்கை உண்டு. அதன்படி குப்பையைப் பிரித்துத் தினமும் எடை போட வேண்டும். மூன்று வருடமாக எடையை ஒரு கம்பிச்சுருள் நோட்டில் எழுதி, அடித்தளத்தில் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். செவ்வாய் மாலை இருந்த நோட்டு புதன் காலை இல்லை. அதன் பளபள அட்டை மஞ்சள் தொட்டியில் கிடந்தது, கம்பிச்சுருள் சிவப்புத் தொட்டியில். தாள்களை மட்டும் காணவில்லை. எடையெல்லாம் கற்பனை, மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் நீயே அழித்துவிட்டாய் என்கிறார் முதல்வர். இவ்வளவு ஒழுங்காகப் பிரித்துப் போட உன் ஆட்களை விட்டால் யாருக்குத் தெரியும் என்பது அவர் கேள்வி.

"கேள்வி நியாயமானதுதான்" என்றார் இன்ஷூரன்ஸ்காரர். அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போனது. "அந்த வாரம் நோட்டை வேற யாரு கேட்டாங்க?"

மூன்று பேர். முதல்வர், கேன்டீன் கான்ட்ராக்டர், பிறகு அந்தக் கொள்கையையே எழுதிய அதிகாரி, அதாவது கொள்கை மேடம்.

விஷயம் வெள்ளிக்கிழமைக்குள் முடிந்தால் சரி என்று முதல்வர் உடனே அனுமதி கொடுத்தார். அடித்தளத்தில் நான்கு தொட்டிகள் வரிசையாக நின்றன. காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், உலோகத்துக்குச் சிவப்பு, யாருக்கும் வேண்டாததற்குக் கறுப்பு. சுவர் முழுக்கக் கொள்கைச் சுவரொட்டிகள். மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு கறுப்புத் தொட்டிக்குள் பாதி இறங்கிவிட்டார்.

"இதுல என்ன போட்டிருக்கோ அதெல்லாம் நடக்காது சார்" என்று மேஸ்திரியம்மா சுவரைக் காட்டி அலுத்துக்கொண்டார். பளபள அட்டையை மஞ்சளில் போடச் சொல்கிறது சுவரொட்டி. காகிதத்தோடு பிளாஸ்டிக் ஒட்டியிருப்பதால், மறுசுழற்சி வண்டிக்காரரோ மூன்றாம் நாள் அதைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். அதனால் இவர்கள் கறுப்பில்தான் போடுகிறார்கள்.

"மாடிக் குப்பையெல்லாம் எப்ப இறங்கும்?"

"மஞ்சளும் சிவப்பும் தினம் காலைல. காகிதம் மட்டும் வெள்ளிக்கிழமை."

இன்ஷூரன்ஸ்காரர் தலையாட்டினார். மாப்பிள்ளை சட்டையெல்லாம் கறையோடு வெளியே வந்து, தாள் ஒன்றும் இல்லை என்று சோகமாக அறிவித்தார். அவரை யாரும் தேடச் சொல்லவே இல்லை.

மூன்றாம் மாடியில் முதல்வரின் கூட்ட அறை, எதிரே கொள்கை மேடத்தின் அறை. சாட்சியாக எடுத்துவைத்த பளபள அட்டையும் கம்பிச்சுருளும் மேசைமேல் கிடந்தன. மேஸ்திரியம்மா வாசலிலேயே நிற்க, இன்ஷூரன்ஸ்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். எல்லோருக்கும் டீ வந்தது. கோப்பைக்கு ஒரு டீப் பை. யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. கான்ட்ராக்டர் டீப் பையைத் தட்டிலேயே டிஷ்யூவோடு கசக்கி வைத்தார். தன் கேன்டீனில் வீணாகும் சோறு அந்த நோட்டில் எவ்வளவு என்று எழுதியிருந்தது அவருக்குக் கசப்புதான். அதை மறைக்கவும் இல்லை. முதல்வர் பேசிக்கொண்டே தன்னுடையதைக் காகிதக் கூடையில் விட்டெறிந்தார். கொள்கை மேடம் டீப் பையிலிருந்த குட்டிப் பின்னைக் கழற்றி ஓரமாக வைத்தார். நூலைப் பிரித்தார். காகிதத் துண்டைத் தனியாக மடித்தார்.

"கான்ட்ராக்டர்தான், மச்சான்" என்று மாப்பிள்ளை காதைக் கடித்தார். "முழியே சரியில்ல."

"எனக்கு வேண்டாத ஒரு நோட்டை நான் ஒழிக்கணும்னா" என்று இன்ஷூரன்ஸ்காரர் ஆரம்பித்தார், "முழுசா அப்படியே தூக்கிப் போடுவேன். இதை எடுத்தவரால அது முடியல. கம்பிய உருவி, அட்டையப் பிரிச்சு, அததை அதது இடத்துல போட்டிருக்கார். திருடும்போதுகூடக் குப்பையப் பிரிக்கிற பழக்கம் விடல. கான்ட்ராக்டருக்கும் முதல்வருக்கும் அந்தப் பழக்கம் இல்லைன்னு இந்த டீயே சொல்லுது."

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார் முதல்வர். மேஸ்திரியம்மா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காசு கொடுத்து ஆளைக் கூட்டிவந்து தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமோ என்று அவருக்குத் தோன்றியது.

"ஆனா அட்டை கிடந்தது மஞ்சள் தொட்டியில. இந்தம்மாவோட ஆளுங்க எட்டுப் பேர்ல ஒருத்தர் போட்டிருந்தாலும் கறுப்புலதான் போட்டிருப்பாங்க. மஞ்சள்ல போட்டா திரும்பி வந்துடும்னு அவங்களுக்குத் தெரியும். சுவரொட்டிய மட்டும் நம்புறவர்தான் மஞ்சள்ல போடுவார். மாப்பிள்ளை, இந்த மாடியில இருக்கிற நீலப் பையைக் கொண்டாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் அது இறங்காது."

மாப்பிள்ளை பறந்தார். பையின் அடியில் மேஸ்திரியம்மாவின் பென்சில் எழுத்து, கட்டுக் கட்டாக. ஒவ்வொரு தாளும் சரியாக இரண்டாக மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது.

"தூளாக்கின காகிதத்த மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டாங்க. அதுவும் உங்க சுவரொட்டியிலயே இருக்கு மேடம்" என்றார் இன்ஷூரன்ஸ்காரர்.

கொள்கை மேடம் கிழிந்த தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தார். போன வருட அறிக்கையில் குப்பை பாதியாகக் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தார். நோட்டின்படி அது கொஞ்சமும் குறையவில்லை. "நான் அந்தக் கொள்கைய நம்பினேன். அடுத்த வருஷம் நிஜமாவே குறைஞ்சிடும்னு நினைச்சேன்" என்றார்.

"நோட்டைக் கிழிச்சது ஒரு தப்பு. எட்டுப் பேர் வேலை போகுதுன்னு தெரிஞ்சும் வாயத் திறக்காம உட்கார்ந்திருந்தீங்களே. உங்க கொள்கையில சமூகப் பொறுப்புன்னு ஒரு பாதி இருக்கே, அது யாருக்கு?" என்று கேட்டார் இன்ஷூரன்ஸ்காரர்.

முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கார்டை இப்போதே திருப்பித் தந்துவிடலாம், நாளை மதிப்பீடு முடியும்வரை தாள்கள் பையிலேயே இருக்கட்டும் என்றார். இன்ஷூரன்ஸ்காரர் மேஸ்திரியம்மாவின் பக்கம் திரும்பினார். முடிவு அவருடையது.

மேஸ்திரியம்மா முதலில் கார்டை வாங்கி நாடாவில் மாட்டிக்கொண்டார். பிறகு ஒட்டும் டேப் கேட்டார். பாதியையும் பாதியையும் சேர்த்து முதல் தாளை ஒட்டி, மேசைமேல் கிடந்த பளபள அட்டையை அதன்மேல் வைத்தார்.

"நாளைக்கு மதிப்பீடு பண்றவர்கிட்ட இத நானே குடுக்கிறேன்" என்றவர், கொள்கை மேடத்திடம் கோபமில்லாமல் சொன்னார்: "இந்த அட்டை கறுப்புல போகணும் மேடம். மூணு வருஷத்துல ஒரு நாள் கீழ வந்து எங்ககூடக் குப்பை பிரிச்சிருந்தா, நீங்க மாட்டியிருக்கவே மாட்டீங்க."